பேத்தி ஏன் அழுதாள்?

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். பொழுது விடிந்து பால்காரன்கூட வந்திருக்கவில்லை. எதிர் வீட்டு மாமி, கையில் பிடித்த காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏம்மா, நீதான் பத்திரிகைக்காரியாச்சே! ஜே.வி.ன்னா என்ன?"

"டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா, மாமி?"

"டாக்டரும் இல்லை, வைத்தியரும் இல்லை. அமெரிக்காவிலேருந்து பேத்தி பேசினா. ஸ்கூல் வாலிபால் டீம்லே ஜே.வி. கிடைச்சிருக்குன்னா. 'பேஷ், பேஷ்! ரொம்ப சந்தோஷம்டி கண்ணு. பிள்ளையாருக்கு இன்னிக்கே தேங்காய் உடைச்சுடறேன்'னு சொன்னேன். அவ்வளவுதான்! ஓன்னு அழுதுட்டு போனை வெச்சுட்டா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

மாமி தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேத்தி அழுததிலும் நியாயம் இருந்தது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் இந்த இரண்டு எழுத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள், அல்லது அழுகிறார்கள். மகனோ மகளோ அமெரிக்காவில் குடித்தனம் நடத்தும் வீடுகள் இன்று நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்த வீட்டுப் பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் இந்தச் சமாசாரம் தெரிந்திருப்பது நல்லது. தெரியாவிட்டால், தேங்காய் உடைக்க வேண்டிய இடத்தில் ஆறுதல் சொல்லி, ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் தேங்காய் உடைத்துவிடுவோம்!

தலையை இழந்த சொல்

'ஜே.வி.' என்பது 'ஜூனியர் வார்ஸிடி'யின் சுருக்கம். வார்ஸிடி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நம் ஊர் ஆங்கிலத் தினசரிகள் சர்வகலாசாலையைச் செல்லமாக 'வார்ஸிடி' என்றுதான் தலைப்பில் போடும். 'யூனிவர்ஸிடி' என்ற நீண்ட சொல்லின் தலையை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பழைய உச்சரிப்பில் சொன்னால் அது 'வார்ஸிடி'. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1872-இல் முதன்முதலாக மோதிக்கொண்ட ரக்பி ஆட்டத்துக்கு இன்றும் 'வார்ஸிடி மாட்ச்' என்றே பெயர்.

கப்பலேறி அமெரிக்கா போனதும் இந்தச் சொல் கொஞ்சம் வேஷம் மாறிவிட்டது. அங்கே 'வார்ஸிடி' என்றால் ஒரு கல்லூரியின், அல்லது ஒரு ஹைஸ்கூலின், முதல் தரமான குழு. பள்ளியின் மானத்தைக் காப்பாற்றக் களத்தில் இறங்குவது அதுதான். அதற்கு அடுத்த படியில் நிற்பது ஜூனியர் வார்ஸிடி. பெரிய பள்ளிகளில் அதற்கும் கீழே, புதிதாக வந்தவர்களுக்கென்று மூன்றாவது குழுவும் உண்டு.

அமெரிக்க ஹைஸ்கூல் 9-ஆம் வகுப்பில் தொடங்கி 12-ஆம் வகுப்பில் முடிகிறது. பதினான்கு வயதில் குழந்தையாக உள்ளே போகிறவர்கள், பதினெட்டு வயதில் மீசையோடு வெளியே வருகிறார்கள். இத்தனை வித்தியாசமான உடல்களை ஒரே மைதானத்தில் விட்டால் சின்னவன் நசுங்கிப் போவான். ஆகவேதான் இரண்டு படி, மூன்று படி வைத்தார்கள். நம் பள்ளிகளில் வயதைப் பார்த்து ஜூனியர், சீனியர் என்று பிரிப்பார்கள். அங்கே பிரிப்பது வயதை வைத்தல்ல, திறமையை வைத்து. மிகவும் கெட்டிக்காரியான ஒன்பதாம் வகுப்புச் சிறுமி நேரே வார்ஸிடியில் ஏறி உட்காரலாம். பதினோராம் வகுப்பு அக்காள் ஜே.வி.யில் நிற்கலாம். வீட்டில் தங்கைக்கு முதலில் கல்யாணம் நடந்த மாதிரிதான்! இரண்டு பக்கமும் சங்கடம்.

பட்டியல் ஒட்டும் நாள்

ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து, வாலிபால், நெடுந்தூர ஓட்டம். பனிக்காலத்தில் கூரைக்குக் கீழே கூடைப்பந்து, மல்யுத்தம், நீச்சல். வசந்தம் வந்ததும் பேஸ்பால், ஸாப்ட்பால், தடகளப் பந்தயங்கள். எந்தெந்த ஆட்டம் எந்தப் பருவத்தில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் சில நாட்கள் தேர்வு நடக்கும். பரீட்சைத் தாள் கிடையாது. ஓடு, தாவு, பந்தை அடி, மற்றவளுக்கு விட்டுக்கொடு. எல்லாவற்றையும் பயிற்சியாளர் ஒரு மூலையில் நின்று கையிலே அட்டையை வைத்துக்கொண்டு குறிப்பார். டாக்டரின் அத்தாட்சிச் சீட்டு இல்லாமல் களத்தில் கால் வைக்க முடியாது. கடைசி நாளன்று பட்டியல் வெளியாகும். முன்பெல்லாம் விளையாட்டு அறையின் கதவில் ஒட்டுவார்கள். இப்போது பல பள்ளிகளில் அது கைபேசியில் வந்து விழுகிறது. கதவோ, கைபேசியோ, அந்த நிமிஷத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது ஒன்றுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் பொதுத் தேர்வு முடிவில் தங்கள் நம்பரைத் தேடுவார்களே, அதே படபடப்பு.

எல்லா ஆட்டத்திலும் பயிற்சியாளரின் கண்தான் நீதிபதி என்று நினைக்க வேண்டாம். மல்யுத்தத்தில் ஒவ்வோர் எடைக்கும் வார்ஸிடியில் ஒருவனுக்குத்தான் இடம். அதே எடையில் இருவர் இருந்தால் இருவரையும் மோதவிடுவார்கள். ஜெயித்தவன் வார்ஸிடி, தோற்றவன் ஜே.வி. நெடுந்தூர ஓட்டத்தில் கடிகாரம்தான் நீதிபதி. வேகமாக ஓடும் ஏழு பேர் வார்ஸிடி. பந்தயத்தில் அந்த ஏழு பேரில் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்தப் பள்ளியின் கூட்டுத்தொகை குறைவோ அதற்கே வெற்றி. மிச்சமுள்ள அத்தனை பேரும் ஜே.வி. பந்தயத்தில் ஓடலாம், யாரையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. கூடைப்பந்தும் வாலிபாலும் அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு இடத்துக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள். பலர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டு குழுவிலும் மாறி மாறி ஆடும் பெண்களும் உண்டு. புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடப்பதுபோல் இன்று இங்கே, நாளை அங்கே! ஆனால் பிள்ளைகள் களைத்துப்போகக் கூடாது என்பதற்காக, ஒருவர் ஒரு நாளில் அல்லது ஒரு வாரத்தில் எவ்வளவு ஆடலாம் என்று பல மாநிலங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

ஒரு சொல், மூன்று அர்த்தம்

இப்போது மாமியின் பேத்திக்கு வருவோம்.

ஜே.வி. என்ற சொல்லுக்கு நிலையான அர்த்தம் கிடையாது. கேட்பவர் எந்த வகுப்பு என்பதைப் பொறுத்து அது மாறும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஜே.வி. கிடைத்தால் அது கௌரவம், தாராளமாகத் தேங்காய் உடைக்கலாம். பத்தாம் வகுப்பில் கிடைத்தால் சாதாரணம், படிப்படியாக ஏறுகிறாள் என்று பொருள். பதினோராம் வகுப்பிலும் அதே ஜே.வி. என்றால் அடிவயிற்றில் ஒரு பயம். ஏனென்றால், பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களை ஜே.வி.யில் வைத்துக்கொள்வதில்லை. கடைசி வருஷத்தில் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை.

வளருகிறவர்களுக்காக ஏற்பட்ட குழு அது, வளர்ந்து முடிந்தவர் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் அடுத்த சிறுமி எங்கே கற்றுக்கொள்வாள் என்று பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். நியாயந்தான். ஆனால் மூன்று வருஷம் வியர்வை சிந்திவிட்டு நாலாம் வருஷம் பட்டியலில் பெயர் இல்லாமல் நிற்கும் பெண்ணுக்கு அந்த நியாயம் எப்படி இனிக்கும்?

மாமியின் பேத்தி படிப்பது பத்தாம் வகுப்பு. "அப்போ அழறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள் மாமி. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. போன வருஷம் அவளோடு ஜே.வி.யில் தோளோடு தோள் நின்று ஆடிய சிநேகிதி மேலே போய்விட்டாள். இவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள்.

"அப்படிச் சொல்லு! அதுதானே பார்த்தேன்" என்றாள் மாமி. அந்தத் துக்கத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போகவேண்டிய அவசியமில்லை.

காலி பெஞ்சுகளுக்கு முன்னால்

வார்ஸிடி ஆட்டத்தின் தடபுடலைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு சிற்றூருக்குப் போகவேண்டும். அன்று ஹைஸ்கூல் கால்பந்து. விளக்குகள் பகலாக எரியும். பாண்டு வாத்தியம் முழங்கும். ஊரே மைதானத்தில் இருக்கும். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆலன் என்ற ஊரில் ஹைஸ்கூல் பிள்ளைகள் ஆடுவதற்காக 18,000 பேர் உட்காரும் மைதானத்தை 2012-இல் திறந்தார்கள். செலவு சுமார் 6 கோடி டாலர்!

ஜே.வி. ஆட்டத்துக்கு இந்த வைபவமெல்லாம் கிடையாது. கால்பந்தானால் வாரத்தில் வேறு ஏதாவது ஒரு நாள் சாயங்காலம் ஓசைப்படாமல் நடக்கும். கூடைப்பந்தும் வாலிபாலுமானால் பல இடங்களில் அன்றைய பெரிய ஆட்டத்துக்கு முன்னால், கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதுபோல் நடந்துவிடும். பெஞ்சுகளில் முக்கால்வாசி காலி. உட்கார்ந்திருப்பவர்கள் அம்மாக்கள், சில அப்பாக்கள், வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி. ஆட்டம் முடிகிற சமயத்தில்தான் கூட்டம் உள்ளே வர ஆரம்பிக்கும்.

ஆனால் காலி பெஞ்சுகளுக்கு முன்னால்தான் ஆட்டக்காரிகள் உருவாகிறார்கள். வார்ஸிடியில் ஜெயிப்பது முக்கியம். ஆகவே சிறந்தவளைத்தான் இறக்குவார்கள், மற்றவர்கள் பருவம் முழுவதும் பெஞ்சைத் தேய்க்க நேரலாம். ஜே.வி.யில் கற்பது முக்கியம். ஆகவே எல்லோருக்கும் பந்தைத் தொடச் சந்தர்ப்பம் கிடைக்கும், தப்புச் செய்யச் சந்தர்ப்பம் கிடைக்கும். 'வார்ஸிடியில் உட்கார்ந்திருப்பதைவிட ஜே.வி.யில் ஓடுவது மேல்' என்று நினைத்து, நல்ல ஆட்டக்காரியையே வேண்டுமென்று கீழே வைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு.

ஜே.வி. பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வார்ஸிடி கால்பந்துக் குழு அடுத்த வாரம் எந்தப் பள்ளியோடு மோதுகிறதோ, அந்தப் பள்ளியின் ஆட்டமுறையை இவர்கள் படித்துக்கொண்டு, பயிற்சியின்போது எதிரி வேஷம் போட வேண்டும். வாரம் முழுதும் ராவணனாக நின்று அடி வாங்குவது இவர்கள், வெள்ளிக்கிழமை மாலை போட்டுக்கொள்வது ராமர்!

ஓர் எழுத்தின் விலை

அமெரிக்கச் சினிமாக்களில் பையன்கள் கம்பளி உடம்பும் தோல் கையுமாக ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நெஞ்சில் பெரிய எழுத்து ஒன்றைத் தைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்து கடையில் வாங்குவதல்ல, சம்பாதிப்பது. ஹார்வர்டு கல்லூரியின் பேஸ்பால் குழுவினர் 1865-இல் சட்டையில் 'எச்' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டதிலிருந்து இந்த வழக்கம் ஆரம்பித்ததாகச் சொல்வார்கள்.

வார்ஸிடியில் இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், இத்தனை புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்று பள்ளிக்குப் பள்ளி கணக்கு உண்டு. அந்தக் கணக்கு நிறைந்தால் எழுத்து. மறுவருஷமும் நிறைந்தால் எழுத்தின்மேல் ஒரு சிறு பட்டை. ஜே.வி. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு காகிதச் சான்றிதழோடு சரி. உள்ளங்கை அகலத் துணிக்கு இத்தனை பாடா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் வெள்ளி டம்ளரில் பெயர் வெட்டி வாங்கிய பரிசை நாற்பது வருஷம் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்களே!

அழுத பையன் ஒருவன்

மாமியின் பேத்தியைப்போலவே அழுத ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் கதை இது. வருஷம் 1978. வட கரோலினா மாநிலத்தில் வில்மிங்டன் என்ற ஊர். அங்கே லேனி ஹைஸ்கூலில் கூடைப்பந்துப் பட்டியலை ஒட்டினார்கள். பையனும் அவன் சிநேகிதன் லீராய் ஸ்மித்தும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். ஸ்மித்தின் பெயர் வார்ஸிடியில் இருந்தது, இவன் பெயர் இல்லை. இவன் உயரம் 5 அடி 10 அங்குலம். சிநேகிதனோ ஆறடியையும் தாண்டி நெடுநெடுவென்று வளர்ந்தவன். குழுவுக்கு அந்த வருஷம் உயரமான ஆள் தேவைப்பட்டது. பையன் வீட்டுக்குப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

பையனின் பெயர் மைக்கேல் ஜார்டன்.

அவரைப் பள்ளிக் குழுவிலிருந்தே துரத்திவிட்டார்கள் என்று கதை கட்டிச் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. அவரை ஜே.வி.யில் போட்டார்கள். அந்த வருஷம் முழுவதும் ஜே.வி.யில் ஆடி, புள்ளிகளைக் குவித்தார். மறுவருஷத்துக்குள் உயரமும் கூடியது, வார்ஸிடியிலும் இடம் கிடைத்தது. 1982-இல் வட கரோலினா சர்வகலாசாலைக்கு தேசியச் சாம்பியன் பட்டத்தைத் தேடித்தந்த பந்தைக் கூடையில் போட்டது அவர் கைதான். பிறகு சிகாகோ புல்ஸ் குழுவுக்காக ஆறு முறை சாம்பியன் பட்டம். பயிற்சியில் களைத்துப்போகும்போதெல்லாம் கண்ணை மூடி, தன் பெயர் இல்லாத அந்தப் பட்டியலை நினைத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னதுண்டு. 2009-இல் கூடைப்பந்து மேதைகளின் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தபோது, அந்த விழாவுக்கு லீராய் ஸ்மித்தை மறக்காமல் அழைத்திருந்தார்!

அழுத பிள்ளைகள் எல்லோரும் ஜார்டன் ஆவதில்லை. அமெரிக்க ஹைஸ்கூல் ஆட்டக்காரர்களில் கல்லூரிக் குழுவில் இடம் பிடிப்பவர்கள் 100-க்குச் சுமார் 7 பேர்தான். மற்ற 93 பேருக்கும் பள்ளி ஆட்டமே முதலும் முடிவும். ஜே.வி.யில் நிற்கும் பெண்ணிடம் 'நீயும் ஒரு நாள் ஜார்டன் ஆவாய்' என்று சொல்வதைவிட, 'இன்று நன்றாக ஆடினாயா?' என்று கேட்பது நல்லது.

37 சொற்கள் செய்த மாயம்

பெண்கள் படிக்கும் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மாமியின் பேத்தி 'எனக்கு வார்ஸிடி கிடைக்கவில்லையே' என்று அழுகிறாள் அல்லவா? அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பல பள்ளிகளில் பெண்களுக்கு வார்ஸிடியும் கிடையாது, ஜே.வி.யும் கிடையாது. பையன்கள் ஆடுவார்கள், பெண்கள் ஓரத்தில் நின்று கைதட்டுவார்கள். 1971-72-ஆம் பள்ளியாண்டில் பையன்கள் 36 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். பெண்கள் 3 லட்சம்கூட இல்லை.

1972 ஜூன் 23-ஆம் தேதி ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அதன் முக்கிய வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய அரசின் பண உதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று பேதம் பாராட்டக்கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அந்த வாசகத்தில் இல்லை! ஆனால் மைதானமும் பள்ளியைச் சேர்ந்ததுதானே? பையன்களுக்குக் குழு இருந்தால் பெண்களுக்கும் வேண்டும் என்றாயிற்று. இதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாய் தீவைச் சேர்ந்த பாட்ஸி மிங்க் என்ற பெண்மணி. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் கதவைச் சாத்தின. சட்டம் படித்துக் காங்கிரஸ் சபைக்குப் போய், மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவர் 2002-இல் காலமான பிறகு அந்தச் சட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

2023-24-ஆம் பள்ளியாண்டில் அமெரிக்க ஹைஸ்கூல் குழுக்களில் ஆடிய பெண்களின் கணக்கு 34 லட்சம். பட்டியலில் பெயர் இல்லையே என்று அழுவதற்கு முதலில் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். அதற்கே ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது.

நாணயத்தின் மறுபக்கம்

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லமாட்டேன். பல பள்ளிகளில் குழுவில் சேரத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். வசதியுள்ள வீடுகள் தனியார் கிளப்பில் பணம் கட்டி வருஷம் பூராவும் பயிற்சி கொடுக்கின்றன. மற்ற வீட்டுப் பிள்ளை அவர்களோடு போட்டியிட வேண்டும். 'என் மகனை ஏன் மேலே போடவில்லை?' என்று பயிற்சியாளரோடு சண்டைக்குப் போகும் பெற்றோர்கள் உண்டு. நடுவர்களைத் திட்டித் தீர்ப்பவர்களும் உண்டு.

சீரமைப்பும் நடக்காமல் இல்லை. படிப்பைக் கோட்டைவிட்டு மைதானத்திலேயே கிடக்கக்கூடாது என்று டெக்ஸாஸ் மாநிலம் 1984-இல் ஒரு விதி செய்தது. எந்தப் பாடத்திலாவது 70-க்குக் குறைந்தால் சில வாரங்களுக்கு ஆட்டம் கிடையாது. தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவர் அனுமதியில்லாமல் மறுபடி களத்தில் இறக்கக்கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 2009-இல் சட்டம் செய்தது. சில ஆண்டுகளுக்குள் 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டங்கள் வந்துவிட்டன.

மூன்று மணிக்கு ஓர் அலாரம்

இத்தனையையும் மாமிக்குச் சொல்லி முடித்தேன். மாமி சிறிது நேரம் பேசவில்லை.

"அப்போ அந்த பெஞ்செல்லாம் காலியாவா இருக்கும்?" என்றாள் கடைசியில். எத்தனையோ சொன்னேன்; மாமியின் மனசில் தைத்தது அது ஒன்றுதான்.

செப்டம்பர் மாதம் ஒரு நாள் விடியுமுன் எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய் ஓடினேன். மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைபேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே மாலை ஐந்தரை என்றால் நமக்கு விடியற்காலை மூன்று மணி. பெஞ்சில் உட்கார்ந்து பெண்ணின் அம்மா கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஜே.வி. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"உஷ், சத்தம் போடாதே. அவ சர்வீஸ் போடப் போறா."

பந்து வலையில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது.

"போனாப் போறதுடி கண்ணு, அடுத்தது பார்த்துக்கலாம்!" என்று மாமி இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

அது அந்தக் கரைக்குக் கேட்டதோ என்னவோ, தெரியாது. பேத்தி ஒரு தடவை அம்மா இருந்த திசையில் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, தன் இடத்தில் போய் நின்றாள்.